டியூன் செய்த டர்போ காரில் நாக்கிங்: ஸ்கேனரா, காதா, எண்டோஸ்கோப்பா, டைனோவா?

ஸ்டேஜ் 1 மேப் (கூடுதல் சக்திக்காக இன்ஜின் கணினியான ஈசியுவில் மாற்றி எழுதும் மென்பொருளின் முதல் படி) போட்டாயிற்று, இன்டேக் மாற்றியாயிற்று, டவுன்பைப்பும் (டர்போவை அடுத்து வரும் புகைக்குழாய்) வந்தாயிற்று. கார் பறக்கிறது. அப்புறம் ஒரு நாள் மேட்டில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது டப்பாவில் போட்டுக் குலுக்கிய கோலிக்குண்டு மாதிரி ஒரு சத்தம். சிலருக்குச் சத்தமே கேட்காது, போன் ஆப்பில் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) பின்வாங்குவது மட்டும் கண்ணில் படும். இரண்டிலும் எழும் சந்தேகம் நாக்கிங்.

இதற்கு அடுத்த கேள்வியில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். ஸ்கேனர் வாங்கலாமா, காரை நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றலாமா, நாக்கிங்கை எதிர்க்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 ஊற்றிப் பார்த்தால் போதுமா, பேசாமல் பழைய மேப்புக்கே போய்விடலாமா? கேட்பவர்களில் பெரும்பாலானோர் வர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக், பழைய போலோ ஜிடி, ஆக்டேவியா விஆர்எஸ் ஓட்டுபவர்கள். அதனால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிஎஸ்ஐ எனும் டர்போ பெட்ரோல் இன்ஜின்களை வைத்தே எழுதுகிறேன். மற்ற டர்போ பெட்ரோல் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஒரு வழியும் தனியாக முழுப் பதிலைத் தராது. எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் பணத்தையும் இன்ஜினையும் காப்பாற்றுகிறது. பலர் செலவு கூடிய டைனோவில் ஆரம்பித்து, கடைசியில் ஸ்பார்க் ப்ளக்கில் வந்து நிற்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

ப்ளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சிலிண்டரின் ஓரம் வரை பரவ வேண்டும். தீ வந்து சேரும் முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவருக்குள் மோதி அதிர்கிறது. அதிர்வெண் சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்தது. 74.5 மி.மீ. விட்டமுள்ள 1.5 டிஎஸ்ஐயில் சுமார் 7.7 கிலோஹெர்ட்ஸ், 82.5 மி.மீ. உள்ள 2.0 டிஎஸ்ஐயில் சுமார் 7. பிளாக்கில் முடுக்கியிருக்கும் நாக் சென்சார் இந்த அளவை ஒட்டிய அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டால் ஈசியு அந்த சிலிண்டரின் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்து, பிறகு மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது.

ஆகவே எந்தச் சோதனையிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது உண்மையான நாக்கிங்கா, வேறு ஏதாவது அதிர்வை சென்சார் தப்பாக எடுத்துக்கொள்கிறதா? எந்த சிலிண்டரில், எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு லோடில்? காரணம் பெட்ரோலா, மேப்பா, சூடா, ஒரு பாகமா?

நான்காவதாக ஒன்று உண்டு, பலரும் கணக்கில் எடுக்காதது. சோதனையே இன்ஜினுக்கு எவ்வளவு ஆபத்து? நாக்கிங்கை அளக்க வேண்டுமானால் நாக்கிங் வர விட வேண்டும். முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பிஸ்டனின் வளையத் தடங்கள் அடி வாங்குகின்றன.

## ஓபிடி டாங்கிளும் போன் ஆப்பும்

காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகும், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிளைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். எரர் கோடு படிக்க நல்லது. பி0327, பி0328 போல நாக் சென்சார் கோடு வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சென்சாரையும் வயரிங்கையும் பாருங்கள். பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் கோடு இருந்தால் ப்ளக்கும் காயிலும் முதலில்.

அதற்கு மேல் இதை நம்பாதீர்கள். பொதுவான ஓபிடி பட்டியலில் மொத்த டைமிங் கிடைக்கும். சிலிண்டர் வாரியாக எவ்வளவு பின்வாங்கியது என்ற எண் அதில் கிடையாது. மொத்த டைமிங் குறைந்தால் அது நாக்கிங்கினாலா, கியர் மாறியதாலா, டிராக்‌ஷன் கன்ட்ரோல் தலையிட்டதாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மலிவு டாங்கிள்கள் மெதுவாகவும் படிக்கும், அரை நொடியில் வந்து போகும் நாக்கிங் இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நழுவிவிடும். "டைமிங் 4 டிகிரிக்கு வந்துவிட்டது" என்ற பயத்தில் நடக்கும் அவசர வேலைகள்தான் இதன் உண்மையான செலவு.

## சிலிண்டர் வாரியாக லாக் எடுப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசிடிஎஸ், ஓபிடிலெவன் போன்ற கருவிகளோ மேப் போட்டவர் தரும் லாக்கிங் ஆப்போ இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் பின்வாங்கலையும் ஓடும்போதே தனித்தனியாகப் பதிவு செய்து பார்க்கலாம். அந்தப் பதிவுதான் லாக்.

ஆசைப்பட்டு முப்பது நெடுவரிசை வைக்காதீர்கள். வரிசை கூடக் கூட வேகம் குறையும். ஆர்பிஎம், சிலிண்டர்களின் பின்வாங்கல், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், லாம்ப்டா (காற்று, பெட்ரோல் விகிதம்), உள்ளே போகும் காற்றின் சூடு, ஃபியூவல் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம் போதும். மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து சிவப்புக் கோடு வரை ஒரே இழுப்பு. மூன்றாம் கியரின் முடிவில் வேகம் நூறைத் தாண்டிவிடும் என்பதால் ஊர்ச் சாலையில் இது வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ டிராக் நாள் இருந்தால் அங்கே எடுங்கள். இல்லையென்றால் 4,500 வரை எடுத்தாலும் முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும், நடு ஆர்பிஎம்மில் பூஸ்ட் உச்சத்தில் இருக்கும்போதுதான் இந்த இன்ஜின்கள் அதிகம் தடுமாறும்.

வாசிப்பது எப்படி என்று ஓர் உதாரணம். 3,200 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர்களும் முறையே 0, 0.8, 4.5, 0.8 டிகிரி பின்வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் மோசமென்றால் நான்குக்கும் அதே பெட்ரோல்தானே போகிறது? மேப் அதிகமென்றால் நான்கிலும் ஓரளவாவது தெரிய வேண்டாமா? மூன்றாவது மட்டும் தனியாக நிற்பதால் அந்த சிலிண்டரின் ப்ளக், இன்ஜெக்டர், கரி, எண்ணெய்க் கசிவு என்று தேட வேண்டும். அதுவே 4, 4.5, 3.8, 5 என்று எல்லாம் சேர்ந்து இறங்கினால் பெட்ரோலையோ மேப்பையோ காற்றின் சூட்டையோ கேளுங்கள்.

எவ்வளவு பின்வாங்கினால் பயப்பட வேண்டும்? இன்றைய டர்போ இன்ஜின்கள் நாக்கிங்கின் விளிம்பை ஒட்டியே ஓடும்படி அமைக்கப்படுகின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக 2, 3 டிகிரி வந்து போவது பழுதல்ல. ஒரே ஆர்பிஎம்மில், ஒவ்வொரு இழுப்பிலும், 5 டிகிரிக்கு மேல் நின்றால் அது பிரச்சினை. காற்றின் சூட்டையும் கூடவே பாருங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும் சென்னை மதியத்தில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் 70ஐத் தாண்டினால், மேப்பைக் குறை சொல்லும் முன் இன்டர்கூலரைப் பார்க்க வேண்டும். ரயில் அழுத்தம் கேட்டதைவிடக் குறைந்துகொண்டே போனால் கலவையில் பெட்ரோல் குறைந்து (லீன் ஆகி) நாக்கிங் வரலாம், அங்கே குற்றவாளி பம்ப்.

இதில் இரண்டு மறைவான குறைகள் உண்டு. ஒன்று, சென்சாருக்கு நாக்கிங்கும் பிற அதிர்வும் எப்போதும் பிரித்துத் தெரியாது. இன்ஜினைத் தாங்கும் கடினமான பாலி மவுண்ட் போட்ட பிறகு, டவுன்பைப் எங்கோ உரசும்போது, ஹீட் ஷீல்டு தளரும்போது சும்மாவே டைமிங் பின்வாங்கும். லோடே இல்லாமல் நியூட்ரலில் ஆர்பிஎம் ஏற்றும்போதும் அதே ஆர்பிஎம்மில் எண் வந்தால் பொய்யான நாக்கிங் என்று சந்தேகிக்கலாம். சென்சாரை 20 நியூட்டன் மீட்டர் டார்க்கில் முடுக்க வேண்டும், கையால் முடுக்கி விட்டிருந்தால் அதன் பேச்சை நம்ப முடியாது.

இரண்டாவது குறை இன்னும் மோசமானது. சில மேப்களில் நாக் சென்சாரின் உணர்திறனையே குறைத்துவிடுகிறார்கள். அந்தக் காரில் லாக் பளிச்சென்று இருக்கும், உள்ளே பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கும். மேப் போட்டவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் லாக்கோடு நிற்காதீர்கள்.

## உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பது

தனியாகச் செய்தால் இது வெறும் நிவாரணம். லாக்கோடு சேர்த்துச் செய்தால் இருப்பதிலேயே நல்ல சோதனை. இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் தர அளவு ஆக்டேன் 95. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100 ஆக்டேன் 100. லிட்டருக்கு சாதாரண பெட்ரோலைவிட ஐம்பது ரூபாய்க்கும் மேல் அதிகம், பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் மட்டுமே கிடைக்கும்.

டேங்க்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கி, எக்ஸ்பி100 நிரப்பி, ஈசியு தன் கற்றலை மாற்றிக்கொள்ள ஓரிரு நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி வெயிலில் மறுபடி லாக் எடுங்கள். நான்கு சிலிண்டரும் அடங்கினால், மேப் கேட்கும் அளவுக்கு உங்கள் வழக்கமான பெட்ரோல் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். ஒரு சிலிண்டர் மட்டும் அடங்காமல் நின்றால் பாகத்தில் கோளாறு. எதுவுமே மாறவில்லையென்றால் பொய்யான நாக்கிங் பக்கம் தேடுங்கள்.

இடையில் ஒன்று. இ20 வந்ததால் நாக்கிங் கூடிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் பொருள். ஆனால் இ20க்கு அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. சுத்த பெட்ரோலின் 14.7க்கு ஒன்று என்ற விகிதம் இதில் 13.5 அளவுக்கு இறங்குகிறது. பம்ப் ஏற்கெனவே விளிம்பில் ஓடும் மேப்பில் இந்தக் கூடுதல் தேவை லீன் கலவையாக முடியலாம். பழைய மேப்பை இ20க்கு முந்தைய பெட்ரோலில் அமைத்தவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

மறைவான செலவு என்னவென்றால், எக்ஸ்பி100இல் அடங்கிவிட்டது என்று அப்படியே விட்டுவிடுவது. வெளியூரில் அந்தப் பெட்ரோல் கிடைக்காத பங்க்கில் சாதாரண பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது மேப் உங்களுக்காகக் குறைத்துக்கொள்ளாது.

## காதால் கேட்பது

ஒரு முனையைத் தட்டையாக்கித் துளையிட்ட செம்புக் குழாயை பிளாக்கில் போல்ட்டோடு சேர்த்து முடுக்கி, மறுமுனையில் ரப்பர் குழாய் செருகி, காது மூடியில் இணைத்துக் கேட்பது பழைய முறை. இப்போது பீசோ மைக், ஆம்ப், ஹெட்போன் என்று மின்னணு வடிவமும் இருக்கிறது. சென்சாரைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டாதீர்கள், பக்கத்திலுள்ள வேறு போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கேட்க வேண்டும்.

இதன் மதிப்பு ஒரே விஷயத்தில் இருக்கிறது. ஈசியு என்ன சொல்கிறது என்பதை இது சார்ந்திருக்கவில்லை. சென்சாரை மந்தமாக்கிய மேப்பில் உண்மையைச் சொல்லக்கூடிய வழி இதுதான். ஒலியைப் பதிவு செய்து ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 7, 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியைப் பார்த்தால் நாக்கிங் கூர்மையான முள்ளாக எழும்பி நிற்கும்.

ஆனால் பழக்கம் வேண்டும். டிஎஸ்ஐயின் இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் ஓயாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும், புதியவருக்கு எல்லாமே நாக்கிங்காகக் கேட்கும். எந்த சிலிண்டர் என்பதும் இதில் தெரியாது.

## ப்ளக்கும் எண்டோஸ்கோப்பும்

மலிவான வழி, ஆனால் மதிப்பு அதிகம். இன்ஜின் ஆறிய பிறகு ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் எண் வரிசையில் துணியில் அடுக்குங்கள். ஃபோக்ஸ்வாகனில் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். பூதக்கண்ணாடி வைத்து, டார்ச் அடித்து, நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போன்ற கருப்புப் புள்ளிகள், நடுவே மினுக்கும் வெள்ளித் துகள்கள் தெரிந்தால், அந்த வெள்ளி பிஸ்டனின் அலுமினியம். அதைப் பார்த்த பிறகு இன்னொரு லாக் எடுக்க வேண்டாம், காரை நிறுத்துங்கள். பீங்கானில் விரிசல் இருக்கலாம், ஒரு ப்ளக் மட்டும் எண்ணெய் பூசியிருக்கலாம். சிலிண்டருக்குள் போகும் எண்ணெயும் ஆக்டேனைக் குறைத்து நாக்கிங்கைக் கூட்டும்.

ப்ளக் துளை வழியே 5.5 மி.மீ. யூஎஸ்பி எண்டோஸ்கோப்பை (நீண்ட வயர் முனையில் உள்ள சின்ன கேமரா) விட்டால் பிஸ்டன் தலை தெரியும். விளிம்பில் மணல் அடித்தது போல் சொரசொரப்பு இருந்தால் நாக்கிங் நீண்ட நாளாக வேலை செய்திருக்கிறது. கரி தடித்திருந்தால் அதுவே கம்ப்ரெஷனைக் கூட்டிச் சூட்டுப் புள்ளியாக மாறும். ஒரு பிஸ்டன் மட்டும் கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வழி நடந்து முடிந்ததைக் காட்டும், எந்த ஆர்பிஎம்மில் நடக்கிறது என்று சொல்லாது. பழைய காயில் கனெக்டர்கள் சூட்டில் நொறுங்கிப் போயிருக்கும், கழற்றும்போது உடைந்தால் அந்தச் செலவும் சேரும். புதிய ப்ளக் போடும்போது ஒரு படி குளிர்ந்த ப்ளக் என்று கேட்டால் எண்ணைக் கவனியுங்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்தது, பாஷில் எண் குறைந்தால் குளிர்ந்தது.

## டைனோவும் நல்ல டியூனரும்

லோடையும் ஆர்பிஎம்மையும் பிடித்து நிறுத்தி, லாம்ப்டாவும் நாக் ஹெட்போனும் லாக்கும் ஒரே நேரத்தில் பார்க்க முடிவது டைனோவில் மட்டும்தான். பெரிய டர்போ, வேறு இன்ஜெக்டர், வேறு பெட்ரோல் என்று போகிறவர்களுக்கு இதற்கு மாற்றே இல்லை.

ஸ்டேஜ் 1 காருக்கு இதை முதலில் செய்யச் சொல்ல மாட்டேன். ஷெட்டில் இருக்கும் ஒரு விசிறி சாலையில் அடிக்கும் காற்றுக்கு ஈடாகாது. தொடர்ந்து நாலு இழுப்பு இழுத்தால் இன்டர்கூலர் சூடேறி, சாலையில் வராத நாக்கிங் டைனோவில் வரும். ப்ளக் பழுதாக இருக்கும் காரை டைனோவில் ஏற்றினால் ஒவ்வொரு இழுப்பும் வீண் அடி. மேப் எழுதியவரே சோதிக்கும் இடத்தில் மேப்பின் குறை வெளியே வருமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறொருவரிடம் காட்டுங்கள், லாக் கோப்பைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் வராதீர்கள்.

## பழைய மேப்புக்குத் திரும்புவது

இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், இது ஒரு சோதனை. கம்பெனி மேப்பிலும் அதே சிலிண்டர் பின்வாங்கினால் பெரும்பாலும் பாகம்தான் பழுது. அடங்கினால் மேப்பும் பெட்ரோலும் பொருந்தவில்லை. டவுன்பைப் மாற்றிய காரில் கம்பெனி மேப் கேட்டலிஸ்ட் எரர் காட்டலாம், அதோடு நாக்கிங்கைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாரண்டி கணக்கில் இது உதவும் என்று நம்பியும் செய்யாதீர்கள். ஈசியுவை மாற்றி எழுதியது ஷோரூம் கணினிக்குத் தெரிந்தால் அது டிடி1 என்று பதிவாகும், மேப்பைத் திருப்பிப் போட்டாலும் அந்தப் பதிவு போகாது.

| வழி | உண்மையா, பொய்யா | எந்த சிலிண்டர் | காரணம் | செலவும் ஆபத்தும் |
|---|---|---|---|---|
| டாங்கிள், ஆப் | தெரியாது | தெரியாது | எரர் கோடு இருந்தால் மட்டும் | மிகக் குறைவு |
| சிலிண்டர் லாக் | ஓரளவு | தெளிவாக | பாதி வழி | நடுத்தரம், சில இழுப்புகள் தேவை |
| உயர் ஆக்டேன் + லாக் | நன்றாக | தெளிவாக | பெட்ரோலா பாகமா என்று பிரியும் | ஒரு டேங்க் பெட்ரோல், ஆபத்து குறைவு |
| காது | மிக நன்றாக | தெரியாது | தெரியாது | குறைவு, பழக்கம் வேண்டும் |
| ப்ளக், எண்டோஸ்கோப் | சேதம் இருந்தால் உறுதி | தெளிவாக | பாகக் கோளாறு தெரியும் | குறைவு, ஆபத்தே இல்லை |
| டைனோ | மிக நன்றாக | தெளிவாக | பெரும்பாலும் தெரியும் | அதிகம், இழுப்புகளும் அதிகம் |
| கம்பெனி மேப் | நன்றாக | லாக் இருந்தால் | மேப்பா பாகமா என்று பிரியும் | டியூனர் கட்டணம், ஆபத்து குறைவு |

## உங்கள் நிலைமைக்கு எது

சத்தம் காதிலேயே கேட்கிறதென்றால் உடனே லாக் எடுக்கப் போகாதீர்கள். முதலில் ப்ளக், எண்டோஸ்கோப். பீங்கானில் வெள்ளித் துகள் தெரிந்தால் சிலிண்டரில் காற்றழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன், லீக்டவுன் சோதனைகளுக்குப் போங்கள். சுத்தமாக இருந்தால் எக்ஸ்பி100 ஊற்றி, பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, பிறகு லாக். சத்தம் லோடு இல்லாமல் நியூட்ரலிலும் கேட்டால், கனமாக டொக் டொக் என்று ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால், அது பெரும்பாலும் கனெக்டிங் ராட் பேரிங். இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியை அழையுங்கள்.

சத்தம் இல்லை, எண் மட்டும் பயமுறுத்துகிறது, ஸ்டேஜ் 1 தான் என்றால் சிலிண்டர் லாக், அதன் பிறகு உயர் ஆக்டேன் லாக். இந்த இரண்டிலேயே பலருக்கும் விடை கிடைத்துவிடும். புதிய மவுண்ட் அல்லது டவுன்பைப் மாட்டிய வாரத்தில் ஆரம்பித்தது என்றால் பொய்யான நாக்கிங்கை முதலில் சந்தேகியுங்கள், காதால் கேட்பது அங்கே கைகொடுக்கும். மேப் எழுதியவர் மேல் நம்பிக்கை குறைந்திருந்தாலும் காது, கூடவே கம்பெனி மேப். பெரிய டர்போ போட்டவர்கள் ப்ளக்கைப் பார்த்துவிட்டு நேராக டைனோவுக்குப் போகலாம்.

1.0 டிஎஸ்ஐ போன்ற சின்ன இன்ஜின்களை மேட்டில் உயர்ந்த கியரில் 1,500, 2,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டரில் இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே வரும் ஒற்றைப் பெரிய அடி சாதாரண நாக்கிங் அல்ல, குறைந்த ஆர்பிஎம்மில் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது. சென்சார் கேட்பதற்குள் அடி விழுந்து முடிந்திருக்கும், டைமிங்கைக் குறைத்தும் தடுக்க முடியாது. மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதை முன்கூட்டிச் சொல்லாது. இன்ஜின் ஆயில் இதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையோடு 2018இல் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ் தரமும், 2020இல் ஏபிஐ எஸ்பி தரமும் வந்தன. உங்கள் இன்ஜின் ஆயில் டப்பாவில் எஸ்பி என்று இருக்கிறதா, ஃபோக்ஸ்வாகன் கேட்கும் தர எண்ணும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். மேட்டில் ஒரு கியர் குறையுங்கள்.